சஹனில் முதலில் கையெடுத்தவன்

நான் ஊசிக்குப் பயந்தவன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சக் கதை லேசாகப் போகும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நாளில் ஜன்னலால் குதித்து, கடற்கரைக்கு ஓடி, கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணிக்குக் கீழே புகுந்து பின்னேரம் அஸர்த் தொழுகை வரைக்கும் படுத்துக் கிடந்தேன். அந்தத் தோணிக்குத் தார் பூசி ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. நான் தப்பி வந்த வீரக்கதையை உம்மா கேட்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தா. ஊசி போட்டிருந்தால் ஒரு குத்தோடு போயிருக்கும். அன்று எனக்கு விழுந்த அடிக்குக் கணக்கில்லை.

அந்தப் பயம் வயதோடு போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். போகவில்லை. நாற்பத்திரண்டு வயதில், கல்பிட்டியில் கருவாட்டு ஸ்டோர் ஒன்றுக்கு முதலாளியாக, இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பாவாக, புத்தளம் டவுனில் ஒரு டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவர் "இன்சுலின்" என்று சொன்ன உடனே என் கண் தானாக ஜன்னலைத் தேடியது. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள்.

அது வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கடலுக்குப் போவதற்குப் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் இருந்தாலும் சில நாட்களில் கடலையே மூடிவிடுவார்கள். கடல் மூடினால் மீன் இல்லை, மீன் இல்லையென்றால் கருவாடு இல்லை, கருவாடு இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. வேலையில்லாத மனிதன் வீட்டில் என்ன செய்வான்? சாப்பிடுவான். நாட்டில் சண்டை நீண்டுகொண்டு போக, என் இடுப்பும் நீண்டுகொண்டு போனது. கடைசியில் சீனி வருத்தம் வந்தது.

டொக்டர் மூன்று மாதம் தவணை தந்தார். உடம்பைக் குறைத்து, சீனியையும் இறக்கிக் கொண்டு வந்தால் குளிசையோடு விட்டுவிடலாம், இல்லையென்றால் தினமும் ஊசி என்றார். தினமும் என்ற சொல்லை அவர் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானையை ஒரு பார்வையும் என்னை ஒரு பார்வையும் பார்த்தாள். மூன்று மாதம் போதாது என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

என் அதிர்ஷ்டம், அந்தக் கிழமையே அவளுடைய தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தான். அங்கே ஒரு ஜிம்மில் அவனுக்குத் துப்புரவு வேலை. மற்ற வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து சென்ட் வரும், சொக்லட் வரும், போர்வை வரும். எங்கள் வீட்டுக்கு பெயின்ட் வாளி அளவில் ஒரு பேணி வந்தது. உள்ளே மண்ணிறத்தில் மா. புரோட்டீன் மா என்றான். அந்த ஜிம்முக்கு வருகிறவர்கள் இதை ஒரு போத்தலில் போட்டுக் குலுக்கிக் குடித்துவிட்டு, பசியே இல்லாமல் திரிகிறார்களாம். பேணியில் மேல்சட்டை இல்லாத ஒருவன் கையை மடக்கிக்கொண்டு நின்றான். வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறாள் என்று சொல்லி, மனைவி பழைய கலண்டர் தாளை வெட்டி அவனுக்கு ஒரு சட்டை ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரிந்தான். யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் படம் மாதிரி இருந்தது.

மச்சான் இரண்டு கிழமையில் திரும்பிப் போய்விட்டான். நான் ஒழுங்காக மாவைக் குடிக்கத் தொடங்கினேன். காலையில் ஒரு போத்தல், இரவில் ஒரு போத்தல். குலுக்குகிற போத்தல் எங்களிடம் இல்லாதபடியால் காலியான ஜாம் போத்தலில் மனைவி குலுக்கித் தந்தாள். சொக்லட் வாசம். குடிக்கும்போது தொண்டையில் இடைக்கிடை ஒரு கட்டி வந்து நின்று, நம்மை யோசிக்க வைத்துவிட்டுத்தான் இறங்கும்.

உடம்பு குறைகிறதா என்று பார்க்க வேறெங்கும் போகத் தேவையில்லை. ஸ்டோரில் கருவாட்டு மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. அதற்குப் பொறுப்பாக, அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு முன்னால் என் வாப்பாவிடம் வேலை செய்தவர். மூட்டை ஏறினால் எடையை உரத்துச் சொல்லுவது அவர் பழக்கம். முதலாளி ஏறினாலும் அந்தப் பழக்கத்தை அவர் மாற்றவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போகும் முன் நான் தராசில் ஏறுவேன். அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி என் எடையைச் சொல்லுவார். முதல் மூன்று வெள்ளிக்கிழமையும் எடை கூடிக்கொண்டு போனது. மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் தராசின் அடியில் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கட்டாருக்குக் கோல் எடுத்தேன். இந்த மா எல்லாம் ஏமாற்று, நான் ஒரு நாளும் தவறாமல் காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு குடித்திருக்கிறேன் என்று கத்தினேன்.

"மச்சான்," என்றான் அவன், "அது சாப்பாட்டுக்குப் பொறகு குடிக்கிற சாமான் இல்ல. சாப்பாட்டுக்குப் பதிலாக் குடிக்கிறது."

இதில் என் பிழை என்ன இருக்கிறது? பிறந்த நாளிலிருந்து எந்த மருந்து தந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நானும் இரண்டு தட்டுச் சோறு தின்று, ஏவறை விட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி மருந்து குடித்தேன். ஒரு மாதம் வீணாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு உண்மையிலேயே பதிலாகக் குடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், மா வேலை செய்தது. காலையில் ஒரு போத்தல் குடித்தால் பகல் வரைக்கும் வயிறு வாய் திறக்காது. பாண் வாசமும் ரொட்டி வாசமும் வந்து போகும், நான் பாட்டுக்கு இருப்பேன். ஒரேயொரு கரைச்சல், இரவு இஷாத் தொழுகையில் நிற்கும்போது ஏவறை வரும். பக்கத்தில் நிற்பவர் சலாம் கொடுக்கும்போது என் பக்கம் திரும்பி ஒரு கணம் மூக்கை உறிஞ்சுவார். பள்ளிக்கு யார் சொக்லட் கொண்டு வருவது என்று ஒருநாள் விசாரணைகூட நடந்தது. நானும் சேர்ந்து விசாரித்தேன். வெள்ளிக்கிழமைகளில் தராசுக் காக்காவின் குரலில் சந்தோஷம் ஏறி, எடை இறங்கத் தொடங்கியது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. கல்யாணங்கள் தொடங்கின.

எங்கள் கல்யாணத்தில் ஆளுக்கொரு தட்டு இல்லை. சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் மலைபோல நெய்ச்சோறு, மேலே பொரித்த கோழி, சுற்றிவர இறைச்சிக் கறி, கத்தரிக்காய், அச்சாறு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். ஆறு பேர் சேராத வரைக்கும் சஹன் வராது. அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு, யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கையெடுத்துவிட்டால், அதாவது போதும் என்று கையை வெளியே எடுத்துவிட்டால், மற்றவர்கள் தொடர்ந்து அள்ளுவது மரியாதை இல்லை. ஒவ்வொருவராக அவர்களும் கையெடுத்துவிடுவார்கள். அதனால் மற்றவர் பசி தீரும் வரைக்கும் நம் கை தட்டில் இருக்க வேண்டும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போகும் முன் ஒரு போத்தல் குடித்துவிட்டுப் போவது. வயிறு நிறைந்திருக்கும், கோழியைப் பார்த்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் கல்யாணத்தில் என் வழமையான ஐந்து கூட்டாளிகளோடு உட்கார்ந்தேன். இருபது வருடமாக ஒரே சஹனில் தின்கிறவர்கள் நாங்கள். நான் நாலு வாய் வைத்தேன், வயிறு கதவைப் பூட்டிவிட்டது, கையெடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். சோற்று மலையில் சின்னப் பள்ளம்கூட விழவில்லை. ஒவ்வொருவராக, கோழியை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையெடுத்தார்கள்.

அது அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஐந்து பேரும் கல்யாண உடுப்போடு நேரே சந்தியிலிருந்த ஹோட்டலுக்குப் போய்க் கொத்து ரொட்டி தின்றிருக்கிறார்கள். அதை மணப்பெண்ணின் சாச்சா பார்த்துவிட்டார். பெண் வீட்டில் சாப்பாடு பத்தவில்லை என்று அஸருக்குள் ஊரெல்லாம் கதை. அந்த வீட்டார் என்னோடு மூன்று மாதம் கதைக்கவில்லை, கருவாடும் வேறு கடையில்தான் வாங்கினார்கள்.

அடுத்த கல்யாணத்தில் ஒரு தந்திரம் செய்தேன். கையை எடுக்காமல் சோற்றில் விட்டு அளைந்துகொண்டிருந்தேன். இடைக்கிடை வெறும் விரலை வாய்வரை கொண்டு போய் மென்றேன். என் நடிப்பில் எனக்கே பெருமை வந்தது. ஆனால் கூட்டாளிகளில் ஒருவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பும்போது, இனிமேல் உன் வீட்டில் மௌத்தானால் அடக்கம் பண்ணத்தான் வருவேன், உன் சஹனுக்கு வரமாட்டேன் என்றான். அன்றிலிருந்து கல்யாண வீட்டில் நான் ஒரு பாயில் உட்கார்ந்தால் அந்தப் பாய் மெல்ல மெல்லக் காலியாகும். ஒருவருக்குத் தொலைபேசி வரும், ஒருவருக்கு ஒளூ முறிந்து, தொழுகைக்கு மறுபடி கைகால் கழுவ வேண்டி வரும்.

மூன்று மாதம் முடிந்தது. வியாழக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு புத்தளத்துக்குப் பஸ் ஏறினேன். இரத்தம் எடுத்த பிறகு பசிக்கும் என்று மனைவி ஜாம் போத்தலில் மாவைக் குலுக்கி, பேப்பரில் சுற்றித் தந்திருந்தாள். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு இளம் ஆமிக்காரர் போத்தலை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். மண்ணிறத்தில் தடிப்பாக ஏதோ, அதற்குள் கட்டிகள் வேறு. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். உடம்பு குறைக்கிற சாமான் என்றேன். அவர் என் உடம்பைப் பார்த்தார். நம்பவில்லை.

குடித்துக் காட்டும்படி சொன்னார். இரத்தம் கொடுக்கப் போகிறேன், வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்துக் கெஞ்சினேன். அவர் மரியாதையான ஆள், கொஞ்சம் போதும் என்றார். பஸ் முழுவதும் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு வாய் குடித்தேன். நான் வெடிக்கவில்லை என்று உறுதியான பிறகு, இதைக் குடித்தால் கை தடிக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். தடிக்கும் என்றேன். வேறு என்ன சொல்ல?

டொக்டரின் இடத்தில் இரத்தம் எடுக்கிற பிள்ளை, ஏதும் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் மீசையைப் பார்த்துச் சிரித்தாள். மீசையில் சொக்லட்.

டொக்டர் எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரத்தத்தைத் திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வந்தால் எடுத்துப் பார்ப்போம், அதுவரைக்கும் கவனமாக இருங்கள், முக்கியமாகக் கல்யாண வீடுகளுக்குப் போகாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தராசுக் காக்காவின் மகளுக்குக் கல்யாணம்.

அதற்குப் போகாமல் இருக்க முடியாது. எங்கள் இரண்டு தலைமுறைக்கு எடை சொன்ன மனிதர். அதனால் வழமையான ஒரு போத்தலுக்குப் பதிலாக ஒன்றரைப் போத்தல் குடித்துவிட்டு, காக்காவின் ஊரான மாம்புரிக்குப் போனேன். என் ஐந்து கூட்டாளிகளும் முற்றத்தில் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவசரமாக வேறொருவரைப் பிடித்து ஆறாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் தனியே நின்றேன். பந்தலின் மூலையில் ஐந்து பேர் ஒரு பாயில் சஹன் வராமல் காத்துக்கொண்டிருந்தார்கள். தராசுக் காக்கா என் தோளைப் பிடித்து அங்கே கொண்டு போய் உட்கார வைத்தார்.

அந்த ஐந்து பேரும் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து, களப்புப் பக்கத்து முகாமில் இருந்தவர்கள். காக்காவின் வீட்டுக்கு அருகிலிருந்த மிளகாய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். சட்டைகளைக் கழுவி, கையால் நீவி மடித்து உடுத்தியிருந்தார்கள். மடித்த கோடு அப்படியே தெரிந்தது. நான் வந்து உட்கார்ந்ததும் ஐந்து முகத்திலும் வெளிச்சம். ஆறு பேராகிவிட்டோம் அல்லவா. இருபது வருடத்தில் ஒரு சஹனில் என்னைக் கண்டு அப்படி யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

சஹன் வந்தது. நான் வழமைபோல அளையத் தொடங்கினேன். வெறும் விரலை மென்றேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்தான் அவர்களில் வயதானவர். அவர் கோழியில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து, தன் பக்கம் வைக்காமல் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதைத் தொடவில்லை. இன்னொரு துண்டு வந்தது. ஒன்றரைப் போத்தல் மா நெஞ்சுவரைக்கும் நின்றது. கொஞ்சம் மூச்சு விடுவதற்காக என் கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

ஐந்து கைகளும் நின்றன.

சோறு பாதிகூடக் குறையவில்லை. என் பக்கத்தில் மட்டும் கோழி குவிந்திருந்தது. ஒருவர் விரல்களை ஒவ்வொன்றாக, ஒரு பருக்கையும் விடாமல் சுத்தமாக நக்கினார். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்களுக்கும் போதும், முதலாளி. வயிறு நெறைஞ்சிட்டுது."

பொய். கல்யாணம் கல்யாணமாக அளைந்து, கையால் பொய் சொல்லிப் பழகியவனுக்கு வாயால் சொல்லுகிற பொய் விளங்காதா? எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என்னிடம் சோறு இருந்தது, அதைத் தின்னாமல் இருப்பதற்குக் கட்டாரிலிருந்து சாமான் வரவழைத்திருந்தேன். இவர்களிடம் சோறு இல்லை, வந்த இடத்தில் கிடைத்த சோற்றையும் என் கைக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். என் கூட்டாளிகளாவது கொத்து ரொட்டி தின்னப் போனார்கள். இவர்கள் எங்கே போவார்கள்? என்மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நாளைக்கு இரத்தம் எடுப்பார்கள் என்பது நன்றாக ஞாபகத்தில் இருந்தது. ஊசியும் ஞாபகத்தில் இருந்தது. கையை மறுபடி சோற்றில் வைத்தேன்.

"யார் சொன்ன நான் கையெடுத்த என்டு? இப்பதான் தொடங்கிறன்," என்றேன்.

தின்றேன். முதல் வாய் மாவுக்கு மேலே போய் உட்கார்ந்தது, இரண்டாவது அதன் மேலே உட்கார்ந்தது. என் பக்கத்துக் கோழியைப் பிய்த்து ஐந்து பக்கமும் தள்ளினேன். ஐந்து கைகளும் வேலையைத் தொடங்கின. நான் நிறுத்தினால் நிற்பார்கள் என்று தெரிந்தபடியால் நிறுத்தவில்லை. நெற்றியால் வியர்வை ஓடியது. பெரியவர், இறைச்சி உறைப்பா என்று கேட்டார். ஓம், நல்ல உறைப்பு என்றேன். எங்களுக்கு இரண்டாம் முறை சோறு போட்டார்கள். அதுவும் முடிந்தது. தட்டின் பூ வேலைப்பாடு தெரிந்த பிறகுதான் ஆறு பேரும் ஒன்றாகக் கையெடுத்தோம். பிறகு கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்ட இனிப்பு வட்டிலப்பம் வந்தது. நான் தொடாமல் அவர்கள் தொடமாட்டார்கள். நான் தொட்டேன். நான் எழும்ப முடியாமல் இருந்தபோது, ஐந்து பேரும் சேர்ந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அப்பால் நின்ற தராசுக் காக்கா, எத்தனை கிலோ என்று மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் அதே சாவடி, அதே ஆமிக்காரர். போத்தல் எங்கே என்று ஏமாற்றத்தோடு கேட்டார். நான் வயிற்றைத் தடவிக் காட்டினேன்.

டொக்டர் இரத்தக் கணக்கைப் பார்த்தார். சீனி கோட்டைத் தாண்டி நின்றது, ஆனால் கொஞ்சம்தான். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சஹனைப் பற்றிச் சொன்னேன், முதல் நாலு வாய் தொடங்கி வட்டிலப்பம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, எடை நல்லாகக் குறைந்திருக்கிறது, ஒரு கல்யாணத்துக்காக உங்களைத் தண்டிக்க ஏலாது, இன்னும் இரண்டு கிழமை தருகிறேன், அதே மாவைக் குடித்துக்கொண்டு, எந்தச் சஹனிலும் உட்காராமல் இருந்து காட்டுங்கள் என்றார்.

நான் தப்பிவிட்டேன். எழும்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுத்த ஞாயிறும் கல்யாணம் இருந்தது, அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. பந்தலின் மூலையில் எங்கேயாவது ஐந்து பேர் ஆறாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

"இரண்டு கிழமை வேணாம் டொக்டர்," என்றேன். "ஊசியப் போடுங்க."

அவர் மூடி வைத்த பேனையைத் திறந்தார். ஊசி போட்டால் கண்டபடி தின்னலாம் என்று அர்த்தமில்லை என்று எச்சரித்தார். கண்டபடி தின்னமாட்டேன், மற்றவர்கள் தின்று முடியும்வரைக்கும் மட்டும் மெதுவாகத் தின்பேன் என்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிக் கையை நீட்டினேன். மூடிய கண்ணுக்குள் தார் பூசிய தோணி தெரிந்தது.

"கையில இல்ல," என்றார் டொக்டர். "இது வயித்தில போடுற ஊசி."

கண்ணைத் திறந்தேன். ஜன்னலைப் பார்த்தேன், கம்பி அப்படியே இருந்தது. சட்டையைத் தூக்கினேன்.